ஏ-பீற்றா 42-ஐ அல்பா-7 வாங்கியில் டொக்கிங் செய்தால் −9.4 வருகிறது: இதை எவ்வளவு நம்பலாம்?

2025 பெப்ரவரி 3, பம்பலப்பிட்டி மாணவி

இறுதியாண்டு ஆய்வுக்கு அமைலொயிட்-பீற்றா 42 (சுருக்கமாக ஏ-பீற்றா 42, அல்ஸைமர் நோயில் மூளையில் படியும் 42 அமினோ அமிலப் பெப்தைட்டு), அல்பா-7 நிக்கொட்டினிக் வாங்கியோடு (நரம்புக் கலங்களின் மென்சவ்விலுள்ள ஒரு புரதம்) எங்கே, எவ்வளவு இறுக்கமாகப் பிணைகிறது என்று கணினியில் பார்க்கிறேன். கட்டமைப்புகளை பிடிபி என்ற புரதக் கட்டமைப்புத் தரவுத்தளத்தில் எடுத்தேன்: பெப்தைட்டுக்கு 1ஐவைடி, வாங்கிக்கு 7கேஓஎக்ஸ். டொக்கிங் (இரு மூலக்கூறுகள் எப்படிப் பொருந்தும் என்று கணிப்பது) நிரலான ஓட்டோடொக் வீனாவில் முழு வாங்கியையும் தேடற் பெட்டிக்குள் அடக்கி ஓடவிட்டதில் முதலாவது விடை −9.4 கிலோகலோரி/மூல். கட்டுரைகளில் பிக்கோமோலார் பிணைப்பு என்று இருக்கிறது. என் இலக்கம் சரியா? இதிலிருந்து 100 நனோசெக்கன் எம்டி (அணுக்களின் அசைவைக் கணினியில் போலச்செய்வது) ஓட்டினால் போதுமா?

பெப்ரவரி 3, இரவு, கணிமேசை (கணினிப் பக்கத்திலிருந்து விடை தருபவர்)

முதலில் அந்த இலக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். 298 கெல்வினில் 1 மைக்ரோமோலார் என்பது −8.2, 1 நனோமோலார் −12.3, 1 பிக்கோமோலார் −16.4 கிலோகலோரி/மூல். பத்து மடங்குக்கு 1.36 வீதம் கூடும். உங்கள் −9.4 ஏறத்தாழ 130 நனோமோலார். பிக்கோமோலாருக்கும் அதற்கும் இடையில் பத்தின் ஐந்து அடுக்கு இடைவெளி. வீனாவின் சொந்த வழுவே 2.85 கிலோகலோரி என்று அதை எழுதியவர்கள் 2010-இலேயே சொல்லியிருக்கிறார்கள். அதுவும் சிறிய மருந்து மூலக்கூறுகளுக்கு.

ஏ-பீற்றா 42 சிறிய மூலக்கூறு அல்ல. திணிவு 4514 டோல்டன். சுழலக்கூடிய பிணைப்புகள் முதுகெலும்பில் மட்டும் 80-க்கு மேல்; பக்கச் சங்கிலிகளையும் சேர்த்தால் 150-ஐத் தொடும். பழைய ஓட்டோடொக்கில் உச்ச வரம்பே 32. வீனாவில் அப்படிக் கண்டிப்பான வரம்பு இல்லாததால் அது மறுக்காமல் ஓடும், ஒரு விடையும் தரும். ஆனால் 150 சுழற்சிகளைத் தேடி முடிக்க அதற்கு வழியில்லை. பெட்டியின் கனவளவு 27,000 கன அங்ஸ்ட்ரோமைத் தாண்டியதும் ஓர் எச்சரிக்கை வரி காட்டியிருக்கும். பக்கத்துக்கு 30 அங்ஸ்ட்ரோம்தான் அந்த அளவு. வாங்கியின் புறப்பகுதியின் (கலத்துக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதி) விட்டமே ஏறத்தாழ 80. லொக் ஃபைலைத் திறந்து பாருங்கள், அந்த வரி அங்கே இருக்கும்.

100 நனோசெக்கன் பற்றிப் பிறகு எழுதுகிறேன். தொடக்க நிலை பிழையென்றால் 1000 ஓட்டினாலும் அது திருந்தாது.

பெப்ரவரி 4, கணிமேசை

நேற்று எழுதாமல் விட்டது, இதுதான் முக்கியம்: 1ஐவைடி எதில் எடுத்த கட்டமைப்பு என்று பார்த்தீர்களா? 80 வீதம் ஹெக்ஸாபுளோரோ ஐசோபுரோப்பனோல், 20 வீதம் நீர். அந்தக் கரைப்பானில்தான் 8 முதல் 25 வரை ஒரு சுருளி, 28 முதல் 38 வரை இன்னொரு சுருளி. மூளையில் அந்தக் கரைப்பான் இல்லை. நீரில் இந்தப் பெப்தைட்டுக்கு நிலையான வடிவமே கிடையாது. ஒரு கணம் ஒரு வடிவம், மறுகணம் வேறு. 30 வீதக் கரைப்பானில் எடுத்த 1இசட்0கியூ-வில் சுருளி குறைந்துவிடுகிறது. ஏ-பீற்றா 40-க்கு 2எல்எஃப்எம் நீர்க் கரைசலில் எடுத்தது. அதில் நடுவில் சிறு சுருளி மட்டும். அதே பெப்தைட்டு, சூழல் வேறு, வடிவமும் வேறு.

மறுபுறம் நார் வடிவங்கள். இறந்த நோயாளிகளின் மூளையிலிருந்தே எடுத்துக் கிரையோ இலத்திரன் நுணுக்குக்காட்டியில் 2022-இல் தீர்த்தவை 7கியூ4பி, 7கியூ4எம். அழகான கட்டமைப்புகள். ஆனால் அவற்றிலிருந்து ஒரு சங்கிலியை மட்டும் வெட்டி எடுத்துத் தனிப் பெப்தைட்டு என்று டொக்கிங் செய்வது பிழை. அந்த மடிப்பை நிறுத்தி வைப்பவை மேலும் கீழும் அடுக்கியிருக்கும் சங்கிலிகள். அவற்றை எடுத்துவிட்டால் மடிப்பும் நிற்காது.

ஆகவே எந்த நிரலை எடுப்பது என்பது இரண்டாவது கேள்வி. முதற்கேள்வி, நீங்கள் ஒற்றைப் பெப்தைட்டைப் பற்றிக் கேட்கிறீர்களா, ஒலிகோமரை (சில பெப்தைட்டுகள் சேர்ந்த சிறு திரள்) பற்றியா, நாரைப் பற்றியா என்பது. ஆய்வின் தலைப்பிலேயே இது தெரிய வேண்டும்.

பெப்ரவரி 4, மாணவி

ஒற்றைப் பெப்தைட்டுத்தான். மேற்பார்வையாளரும் சம்மதம். அப்படியானால் பெப்தைட்டுக்கு எந்தக் கட்டமைப்பை எடுப்பது அக்கா?

பெப்ரவரி 5, கணிமேசை

ஒன்றை எடுக்கக்கூடாது, ஒரு கூட்டத்தை எடுக்க வேண்டும். பெப்தைட்டை மட்டும் தனியாக நீரில் ஓட்டி, வடிவங்களைக் கொத்தாக்கி, பெரிய கொத்துகள் பத்திலிருந்து ஒவ்வொரு பிரதிநிதி.

விசைப்புலம் (அணுக்களுக்கு இடையிலான விசைகளைக் கணிக்கும் சமன்பாட்டுத் தொகுதி) இங்கே விடையையே மாற்றும். பழைய ஆம்பர் 99எஸ்பி-ஐஎல்டிஎன், டிப்3பி நீரோடு ஓட்டினால் இப்படியான பெப்தைட்டுகள் அளவுக்கு மீறிச் சுருண்டுவிடும். சார்ம்36எம் (2017), ஏ99எஸ்பி-டிஸ்ப் (2018) இரண்டும் வடிவமற்ற புரதங்களையும் மனதில் வைத்துத் திருத்தியவை. இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள். ஏ99எஸ்பி-டிஸ்ப் எடுத்தால் அதற்கென்று உள்ள நீர் மாதிரியையும் சேர்த்தே எடுக்க வேண்டும். நீரை மாற்றினால் அது வேறு விசைப்புலம்.

பெட்டி அளவில் கவனம். முழுதாக நீண்டால் 42 அமினோ அமிலம் 14 நனோமீற்றரைத் தாண்டும். சுருண்ட நிலையைப் பார்த்து 6 நனோமீற்றர் பெட்டி போட்டுவிட்டால், நடுவில் பெப்தைட்டு நீளும்போது தன் பிம்பத்தையே (பெட்டியின் மறுபக்கத்தில் திரும்ப வரும் நகலை) தொட்டு அதோடு ஒட்டிக்கொள்ளும். வரைபடத்தில் அது ஏதோ நிலையான பீற்றா மடிப்புப் போலத் தெரியும். எம்டி நிரலான குரோமாக்ஸில் மின்டிஸ்ட் கட்டளைக்கு பிஐ தெரிவைக் கொடுத்துப் பிம்பத் தூரத்தைக் கட்டாயம் பாருங்கள், வெட்டுத்தூரமான 1.2-க்குக் கீழே ஒரு தடவை போனாலும் அந்தத் துண்டு கணக்கில் இல்லை.

ஏற்றம்: எதிரேற்றம் ஆறு (1, 3, 7, 11, 22, 23), நேரேற்றம் மூன்று (5, 16, 28), இரு முனைகளும் ஒன்றையொன்று சமன் செய்யும். பிஎச் 7.4-இல் மொத்தம் −3. உங்கள் டொப்பொலொஜி ஃபைலில் −3 வரவில்லையென்றால் ஹிஸ்டிடீன் 6, 13, 14-ஐப் பாருங்கள். நிரல் அவற்றில் எதையாவது நேரேற்றமாக்கியிருக்கும், அல்லது முனைகளை மூடியிருக்கும்.

பெப்ரவரி 5, பின்னேரம், கணிமேசை

எண்ணிடல் பற்றி. பலர் அரை நாளைத் தொலைப்பது இதில்தான். புரதத் தொடர்களின் தரவுத்தளமான யுனிபுரொட்டில் மனித அல்பா-7 சமிக்ஞைப் பெப்தைட்டோடு சேர்த்து எண்ணப்படும். பிணைப்பிடத்தின் நடு டிரிப்டோபான் அங்கே 171. கட்டுரைகளில் அதே டிரிப்டோபான் 149, சிலவற்றில் 148. அடுத்தடுத்து நிற்கும் இரு சிஸ்டீன்கள் அங்கே 212, 213. கட்டுரையில் 190, 191. எண்ணை நம்பாமல், முன்பின் ஐந்து எழுத்துத் தொடரைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஏ-பீற்றாவிலும் இதே சிக்கல்: முழு முன்னோடிப் புரதத்தில் அது 672 முதல் 713 வரை.

அந்த இரு சிஸ்டீன்களுக்கும் இடையில் இருசல்பைட்டுப் பாலம் உண்டு. குரோமாக்ஸின் பிடிபி2ஜிஎம்எக்ஸ் ஓடும்போது ஐந்து சங்கிலியிலும் அது உருவானதா என்று திரையில் வாசியுங்கள். ஒரு சங்கிலியில் தூரம் சற்றுக் கூடியிருந்தால் பாலம் போடாமல் பேசாமல் தாண்டிவிடும். பிறகு சி வளையம் (பிணைப்பிடத்தின்மேல் மூடித் திறக்கும் பகுதி) அந்தச் சங்கிலியில் மட்டும் வேறு மாதிரி ஆடும். காரணம் தெரியாமல் தேடுவீர்கள்.

பெப்ரவரி 6, ஈரமேசை

ஆய்வுகூடப் பக்கத்திலிருந்து ஒன்று. நீங்கள் எட்டிப்பிடிக்கப் பார்க்கும் அந்த பிக்கோமோலார் இலக்கமே கல்லில் எழுதியதல்ல. அது 2000-இல் வந்தது. பிறகு வந்தவர்கள் எல்லோருக்கும் அது கிடைக்கவில்லை. வாங்கியில் நேரடியாகப் பிணையவில்லை, மென்சவ்வின் கொழுப்பில்தான் ஒட்டுகிறது என்று 2007-இல் வாதிட்டவர்களும் உண்டு. அதே நேரம், 200 பிக்கோமோலார் ஏ-பீற்றா 42 நினைவாற்றலுக்கு உதவுகிறது, அதற்கு அல்பா-7 வேண்டும் என்று எலிகளில் 2008-இல் காட்டினார்கள். தொழிற்பாட்டில் தொடர்பு இருக்கிறது என்பது ஒரு விடயம், நேரடிப் பிணைப்பு மாறிலி இன்னொரு விடயம்.

குப்பியில் இருப்பது என்ன என்பதும் பெரிய தலைவலி. ஹெக்ஸாபுளோரோ ஐசோபுரோப்பனோலில் கரைத்து உலர்த்தி, டிஎம்எஸ்ஓவில் 5 மில்லிமோலாராக எடுத்து, எஃப்-12 வளர்ப்பூடகத்தில் 100 மைக்ரோமோலாருக்கு ஐதாக்கி 4 பாகையில் 24 மணித்தியாலம் வைத்தால் ஒலிகோமர். அதே இருப்பை 10 மில்லிமோலார் ஐதரோகுளோரிக் அமிலத்தில் 37 பாகையில் வைத்தால் நார். மேலும் சாதாரணக் குழாயின் சுவரில் பெப்தைட்டு ஒட்டிக்கொள்ளும். நனோமோலார் செறிவில் குழாயில் மிஞ்சுவது நீங்கள் எழுதிய செறிவு அல்ல. இப்படித் தயாரித்ததை வைத்து அளந்த மாறிலியோடு ஒற்றைப் பெப்தைட்டின் டொக்கிங் இலக்கத்தை ஒப்பிட வேண்டாம்.

பெப்ரவரி 6, கணிமேசை

ஈரமேசை சொன்னதோடு முழுச் சம்மதம். மாணவிக்கு ஒரு கணக்கும் தருகிறேன்: 10 நனோமீற்றர் கனசதுரப் பெட்டிக்குள் ஒரே ஒரு பெப்தைட்டு என்றால் செறிவு 1.7 மில்லிமோலார். மூளைத் திரவத்தில் உள்ளதை விட மில்லியன் மடங்குக்கு மேல். அதனால் "தானாக வந்து ஒட்டியது" என்பதை எம்டியில் பிணைப்பு வலிமைக்குச் சான்றாகக் காட்டவே முடியாது. அவ்வளவு நெருக்கத்தில் எதுவும் எதிலும் ஒட்டும்.

பெப்ரவரி 7, கணிமேசை

வாங்கியின் கட்டமைப்பு. 7கேஓஎக்ஸ் வேண்டாம். அதில் எபிபட்டிடீன் என்ற சிறு மூலக்கூறு உள்ளே இருக்கிறது. சி வளையம் அதன்மேல் மூடியபடி. 42 அமினோ அமிலம் கொண்ட ஒன்று அந்த வாசலால் நுழையாது. 7கேஓஓ-வை எடுங்கள்: அல்பா-புங்கரோடொக்சின் பிணைந்த ஓய்வு நிலை. சி வளையம் வெளியே விரிந்திருக்கும். அந்தப் பாம்பு நச்சு 74 அமினோ அமிலம் கொண்டது. அதன் நடு விரலிலுள்ள ஆர்ஜினீன் 36-உம் பினைல்அலனீன் 32-உம் பிணைப்பிடத்தின் அரோமற்றிக் கூட்டுக்குள் இறங்கி நிற்கின்றன. பெரிய பெப்தைட்டு ஒன்று இந்த வாங்கியை எப்படிப் பிடிக்கும் என்பதற்கு அதைவிட நல்ல நேரடிச் சான்று உங்களுக்குக் கிடைக்காது.

இதனாலேயே 7கேஓஓ உங்களுக்கு இரட்டிப்பாகப் பயன்படும். நச்சை எடுத்துவிட்டு, அதே நிரல், அதே அமைப்புகளோடு அதைத் திரும்ப டொக்கிங் செய்யுங்கள். இடைமுக விலகல் 2 அங்ஸ்ட்ரோமுக்குள் வந்தால் நன்று, 4-க்குள் வந்தால் ஏற்கலாம். அதுவும் வரவில்லையென்றால் அந்த வழிமுறையால் ஏ-பீற்றாவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல இயலாது.

நிரல்களில் கிளஸ்புரோ அல்லது ஹடொக் 2.4. கிளஸ்புரோ 70,000 சுழற்சி நிலைகளைப் பார்த்து, முதல் 1000-ஐ எடுத்து 9 அங்ஸ்ட்ரோம் ஆரையில் கொத்தாக்கும். அது தரும் சக்தி இலக்கத்தை அட்டவணையில் பிணைப்புச் சக்தி என்று போடாதீர்கள். அங்கே தரப்படுத்தல் கொத்தின் பருமனை வைத்துத்தான். ஹடொக்கில் பத்து வடிவங்களையும் ஒரே ஃபைலாகக் கொடுக்கலாம். ஆனால் அங்கே செயல் அமினோ அமிலங்களை (பிணைப்பில் பங்கெடுக்கும் என்று எதிர்பார்ப்பவை) நீங்களே குறிக்கிறீர்கள். டிரிப்டோபான் 149-ஐக் குறித்துவிட்டு, பிறகு "பெப்தைட்டு டிரிப்டோபான் 149-இல் பிணைகிறது" என்று முடிவுரையில் எழுதுவது வட்டத்துக்குள் நடப்பது. குறிக்காமல் ஓர் ஓட்டமும் கட்டாயம் வேண்டும்.

பெப்ரவரி 9, கணிமேசை

இன்று உப மின்நிலையமொன்றில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க மின் போனதில் எத்தனையோ பேரின் ஓட்டம் நின்றிருக்கும். மாணவி, உங்கள் எம்டிரன் கட்டளையில் சிபிடி 5 என்று சேருங்கள். இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் நிலையைச் சேமிக்கும். மின் வந்ததும் சிபிஐ தெரிவோடு ஸ்டேட் ஃபைலைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து அதே ஃபைலில் தொடரும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின் போய் அந்த ஃபைல் பழுதாகியிருந்தால், பக்கத்தில் 'ப்ரீவ்' என்று முடியும் முந்தியது இருக்கும். அதிலிருந்து தொடரும்போது தொடர்ச்சி ஃபைல்களைப் புதிதாகத் தொடங்கச் சொல்லி, பிறகு இணைத்துக்கொள்ளுங்கள். யுபிஎஸ் வாங்குவதென்றால் முழு ஓட்டத்தையும் தாங்கும் அளவுக்குத் தேவையில்லை. ஒழுங்காக நிறுத்தப் பத்து நிமிடம் தாங்கினால் போதும்.

ஃபைல் பருமனையும் சொல்லிவிடுகிறேன். புறப்பகுதி ஐங்கூறும் நீரும் சேர்ந்து 2 லட்சம் அணுவை நெருங்கும். 10 பிக்கோசெக்கனுக்கு ஒரு சட்டகம் எழுதினால் 100 நனோசெக்கனுக்குப் பல கிகாபைட்டு. புரதத்தை மட்டும் எழுதச் சொன்னால் அதன் பத்திலொன்று. வீட்டு இணையத்தில் பின்னர் இறக்குவதை இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள்.

பெப்ரவரி 13, கணிமேசை

எம்டி அமைப்பு. மென்சவ்வோடு முழு வாங்கி வேண்டுமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். பிணைப்பிடம் புறப்பகுதியில் என்றால் புறப்பகுதி மட்டும் போதும். ஆனால் வெட்டிய இடத்தில் மென்சவ்வு இல்லாததால் ஐங்கூறின் அடி பூப்போல விரியத் தொடங்கும். ஒவ்வொரு சங்கிலியின் கடைசி அமினோ அமிலங்கள் சிலவற்றின் முதுகெலும்பை மெல்லிய கட்டுப்பாட்டில் வைத்து, வெட்டுமுனையை மெதில்அமீன் மூடியால் மூடுங்கள். மூடாவிட்டால் இயற்கையில் இல்லாத எதிரேற்றங்கள் ஐந்து அடியில் நிற்கும்.

மீதி வழமையானது: பன்னிரண்டு முகப் பெட்டி, விளிம்புக்கு 1.2 நனோமீற்றர், 0.15 மோலார் சோடியம் குளோரைட்டு, 310 கெல்வின், 2 ஃபெம்டோசெக்கன் படி. சார்ம்36எம் என்றால் வண்டர்வால்ஸ் விசையை 1.0-க்கும் 1.2-க்கும் இடையில் படிப்படியாக அணைக்க வேண்டும். பரவல் திருத்தத்தைப் போடக்கூடாது. ஆம்பர் பயிற்சிக் குறிப்பிலிருந்து ஃபைலை அப்படியே நகலெடுத்தால் இந்த இரண்டும் பிழையாகவே இருக்கும், நிரலும் முறையிடாது.

ஒரே 100 நனோசெக்கனை விட, வெவ்வேறு தொடக்க நிலைகளிலிருந்து, வெவ்வேறு தொடக்கத் திசைவேகங்களோடு ஐந்து ஓட்டம் மேல். பாரவணுக்கள் 4.5 அங்ஸ்ட்ரோமுக்குள் இருந்தால் தொடுகை என்று எடுத்து, ஒவ்வொரு அமினோ அமிலச் சோடிக்கும் எத்தனை வீத நேரம் தொட்டது என்று எண்ணுங்கள். ஐந்தில் ஒன்றில் மட்டும் 90 வீதமும் மற்றையவற்றில் பூச்சியமும் என்றால் அது பிணைப்பிடம் அல்ல, அந்த ஓட்டத்தின் தொடக்க நிலை.

பெப்ரவரி 19, மாணவி

நச்சைத் திரும்ப டொக்கிங் செய்ததில் கிளஸ்புரோவின் இரண்டாவது கொத்தில் 1.8 அங்ஸ்ட்ரோம் வந்தது. ஏ-பீற்றாவுக்குப் பத்து வடிவங்களில் ஆறு, சி வளையத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. பிணைப்பிடம் என்று எழுதலாமா?

பெப்ரவரி 19, கணிமேசை

1.8 நல்ல விடை. ஆனால் நச்சு தன் பிணைந்த வடிவத்திலேயே இருந்தது. பூட்டிலிருந்து எடுத்த திறப்பைத் திரும்பப் போட்டிருக்கிறீர்கள். தனியாகத் தீர்க்கப்பட்ட நச்சின் கட்டமைப்பும் பிடிபியில் உண்டு, அதை வைத்தும் ஒரு தடவை செய்யுங்கள்.

பத்தில் ஆறு பற்றி: தலைகீழ்த் தொடரை, அதாவது 42-இலிருந்து 1 வரை திருப்பிய பெப்தைட்டை, அதே முறையில் தயாரித்து அதே பத்து வடிவத்தோடு ஓட்டுங்கள். அமினோ அமிலங்களும் மொத்த ஏற்றமும் ஒன்றேதான், வரிசை மட்டும் வேறு. அதுவும் பத்தில் ஆறு அங்கேயே நின்றால், அந்தக் குழி எந்த ஒட்டும் பெப்தைட்டையும் பிடிக்கும் குழி. ஏ-பீற்றாவுக்கு அதில் தனிச்சிறப்பில்லை. இந்த ஓட்டம் இல்லாமல் வெளிவந்த கட்டுரைகள் ஏராளம். அதைப் பார்த்து நாமும் விட்டுவிடக்கூடாது.

பெப்ரவரி 20, ஈரமேசை

துண்டுகளையும் பாருங்கள். 10 முதல் 15 வரையான ஆறு அமினோ அமிலத் துண்டு தனியாகவே நிக்கொட்டினிக் வாங்கிகளில் வேலை செய்கிறது என்று நரம்புக் கலங்களில் அளந்திருக்கிறார்கள். அதில் ஹிஸ்டிடீன் 13-உம் 14-உம் முக்கியம். ஆறு அமினோ அமிலமென்றால் உங்கள் கணிப்பு முறைகளுக்கும் எட்டும் அளவு. ஹிஸ்டிடீனை அலனீனாக மாற்றி ஓட்டிப் பார்த்தால் ஆய்வுகூட விடையோடு நேரடியாக ஒப்பிடலாம்.

பெப்ரவரி 20, கணிமேசை

மிக நல்ல யோசனை. இறுதியாண்டு ஆய்வுக்கு முழு 42-ஐ விட இதுவே பொருத்தம் என்று இப்போது படுகிறது. 3ஆம் திகதி எழுதியதில் முழுப் பெப்தைட்டையே எடுத்துக்கொண்டு பேசினேன். துண்டை முதன்மையாகவும் 42-ஐ இரண்டாம் அத்தியாயமாகவும் வையுங்கள். துண்டின் இரு முனைகளையும் அசெற்றைல், அமைட்டு மூடிகளால் மூடியும் மூடாமலும் இரண்டு விதமாக ஓட்டுங்கள். ஆய்வுகூடத்தில் எது பயன்பட்டதோ அதோடு ஒப்பிடுங்கள். ஹிஸ்டிடீன்களை, புரோத்தன் டெல்ற்றா நைதரசனில், எப்சிலொன் நைதரசனில், இரண்டிலும் என மூன்று நிலையிலும் பார்க்க வேண்டும். ஆறே அமினோ அமிலத்தில் ஒரு ஏற்றம் மாறினால் விடை தலைகீழாகும்.

மார்ச் 2, கணிமேசை

மாணவிக்கு எம்எம்-பிபிஎஸ்ஏ (எம்டி சட்டகங்களிலிருந்து பிணைப்புச் சக்தியை மதிப்பிடும் முறை) செய்து −74 வந்ததாம். அந்த இலக்கத்தைப் பிணைப்பு மாறிலியாக மாற்றினால் பிரபஞ்சத்தில் அப்படியொரு பிணைப்பு இல்லை. ஒற்றைப் பாதை முறையில் பெப்தைட்டு தனியாக இருக்கும்போதும் பிணைந்த வடிவத்திலேயே இருப்பதாகக் கொள்கிறது. அலைந்து திரிந்த ஒன்று ஒரு வடிவத்துக்குள் அடங்கும்போது இழக்கும் எந்திரப்பி கணக்கில் வரவே இல்லை. இந்தப் பெப்தைட்டுக்கு அந்த இழப்புத்தான் பெரிய பங்கு. ஆகவே தனி இலக்கமாக எழுதாமல், இயற்கைத் தொடருக்கும் அலனீன் மாற்றத்துக்கும் இடையிலான வேறுபாட்டை, ஐந்து ஓட்டங்களின் நியம விலகலோடு எழுதுங்கள். வேறுபாடு விலகலை விடச் சிறிதென்றால் வேறுபாடு இல்லை என்றே எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான்.

மார்ச் 5, மாணவி

வகுப்பில் ஒருவர் இதையே, ஏ-பீற்றா பிணைவதாகச் சொல்லப்படும் வேறு இரண்டான பிரியன் புரதத்திலும் ரேஜ் வாங்கியிலும் செய்யப் போகிறார். கட்டமைப்பைக் கணிக்கும் அல்பாஃபோல்டு 3-இல் போட்டால் எல்லாம் ஒரேயடியாக வரும் என்கிறார்.

மார்ச் 5, கணிமேசை

பிரியனில் ஏ-பீற்றா ஒலிகோமர் பிணைவதாக 2009-இல் காட்டிய இடம் 95 முதல் 110 வரை; தொடக்கத்தில் 23 முதல் 27 வரையுள்ளதைப் பிறகு காட்டினார்கள். இரண்டும் வடிவமற்ற வாலில். பிடிபியில் எல்லோரும் எடுக்கும் உருண்டைப் பகுதி 120-களுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதில் டொக்கிங் செய்தால் பிணைப்பிடமே இல்லாத துண்டில் பிணைப்பிடம் தேடுவதாகும். அவரிடம் இதை இன்றே சொல்லிவிடுங்கள், மாதக் கணக்கில் மிச்சம்.

ரேஜ் பரவாயில்லை. வி பகுதியின் மேற்பரப்பு முழுக்க லைசீனும் ஆர்ஜினீனும், ஏ-பீற்றா −3. 3சிஜேஜே-வில் வி, சி1 இரண்டும் உண்டு. ஆனால் எதிரேற்றமுள்ள எதை வைத்தாலும் அங்கே ஒட்டும் என்பதால் தலைகீழ்த் தொடர் ஓட்டம் அங்கே இன்னும் அவசியம்.

அல்பாஃபோல்டு 3-இல் போடலாம், தடையில்லை. ஐபிடிஎம் (இடைமுகத்தில் எவ்வளவு நம்பிக்கை என்ற மதிப்பெண்) 0.6-க்குக் கீழே என்றால் படத்தைச் சேமிக்கவே வேண்டாம், 0.8-க்கு மேல் என்றால் நம்பிக்கையோடு பார்க்கலாம். பெப்தைட்டின் நம்பிக்கை மதிப்பெண் செம்மஞ்சளில் (மிகக் குறைவு) இருக்கும்போது அது வரையும் சுருளியை வடிவம் என்று எடுக்க வேண்டாம்.

மார்ச் 11, மாணவி

தலைகீழ்த் தொடர்: பத்தில் ஐந்து அதே குழியில்.

மார்ச் 11, கணிமேசை

அப்படியென்றால் முழு 42-க்கு "தனித்த பிணைப்பிடம் என்று இம்முறையால் காட்ட இயலவில்லை" என்று எழுதுங்கள். பத்தில் ஆறையும் பத்தில் ஐந்தையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். வீனாவின் −9.4-ஐ அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள், பின்னிணைப்பிலும் வேண்டாம். துண்டின் ஐந்து ஓட்டங்களுக்குரிய தொடக்க நிலைகள், டொப்பொலொஜி, அமைப்பு ஃபைல்கள் எல்லாவற்றையும் திறந்த தரவுக் களஞ்சியமான செனோடோவில் ஏற்றி டிஓஐ இலக்கத்தை வாங்கி வையுங்கள். பரீட்சகர் எந்த ஹிஸ்டிடீன் நிலை என்று கேட்டால் ஃபைலையே காட்டலாம்.